நார்வே முன்னோருக்கு நினைவுக்கல்: ரூன் எழுத்தா, எந்தக் கல், என்ன வாசகம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனாரின் கொள்ளுத்தாத்தா 1873இல் நார்வேயின் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலிருந்து மனைவி மக்களோடு கிளம்பி வந்து மேற்கு மினசோட்டாவில் நிலம் பிடித்தார். அந்தப் பண்ணை இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அடுத்த கோடையில் சொந்தபந்தம் எல்லாம் கூடும்போது அங்கே ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்பது திட்டம். கல்லில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் அவர் பெயரும், மேலே பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பல் ஒன்றும் வேண்டும் என்று மாமனார் ஆசைப்படுகிறார். கல்லை நார்வேயிலிருந்தே வரவழைக்கலாமா, இயந்திரத்தில் வெட்டினால் போதுமா, கையால் கொத்த வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். மாமனார் மனம் நோகாமல், அதே சமயம் அந்தப் பெரியவருக்கு உண்மையாக, அந்தக் கல்லை எப்படி அமைப்பது என்பதே அது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தவன். பல வருடங்களாக அமெரிக்க மத்திய மேற்கில் நினைவுக்கல் பட்டறைகளில் எழுத்து வெட்டி வருகிறேன். நார்வே வம்சாவளிக் குடும்பங்களுக்காக வெட்டிய கற்களும் அதில் உண்டு. கல், உளி, எழுத்து, அடித்தளம் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பிச் செய்யலாம். குடியேற்ற வரலாறு என் வேலைக்காகத் தேடித் தெரிந்துகொண்டது. ரூன் எழுத்தை வாசித்து ஆராயும் புலமை எனக்கில்லை. அந்த இடம் வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சுருக்கமாக என் கருத்து இது: ரூன் வேண்டாம், வைக்கிங் கப்பல் வேண்டாம், கடல் கடந்து கல்லும் வேண்டாம். அந்தப் பண்ணை வயலிலேயே கிடக்கும் ஒரு பாறையை எடுங்கள். அவர் தன் கையால் எழுதிய எழுத்திலேயே அவர் பெயரை வெட்டுங்கள். ஆவணம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் ரூன். ஸ்காண்டிநேவியாவில் ரூன் எழுத்து காலத்துக்கு ஏற்ப மாறியது. பழைய வரிசையில் 24 எழுத்துகள். வைக்கிங் காலத்தில் அது 16 ஆகக் குறைந்தது. அந்தப் பதினாறில் ஒரே குறி ‘க்’ ஒலிக்கும் நிற்கும், அதன் மெல்லோசைக்கும் நிற்கும். ‘த்’ ஒலிக்கும் அப்படித்தான். ஆகவே ஒரு பெயரை அந்த முறையில் சரியாக எழுத, அந்தக் காலத்து மொழி தெரிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி என்று பழைய 24 வரிசையிலிருந்து எடுத்துப் போடுகின்றன. அப்படி வந்ததைக் கல்லில் வெட்டினால், அது எந்தக் காலத்து எழுத்தும் ஆகாது, எந்த மொழியும் ஆகாது. பேப்பரில் இருந்தால் கிழித்துப் போடலாம். கருங்கல்லில் நின்றால் ஐந்நூறு வருடம் நிற்கும். உங்கள் மாமனார் ரூன் இல்லாமல் முடியாது என்றால், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் கலாசார வரலாற்று அருங்காட்சியகத்தில் ரூன் அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சொன்ன வரியைத் தவிர வேறு எதையும் வெட்டாதீர்கள்.

ஆனால் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. 1873இல் வால்ட்ரெஸிலிருந்து கிளம்பிய ஒரு விவசாயி ரூன் எழுதியிருக்க மாட்டார். அவர் வாசித்த ஞான உபதேசப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் கோதிக் என்ற பழைய கூர்முனை அச்செழுத்தில் இருந்தன. கையெழுத்து கோதிக் முறையிலோ லத்தீன் முறையிலோ இருந்திருக்கும். அவர் நாட்டில் வைக்கிங் காலம் முடிந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பல் விஷயம் இன்னும் தெளிவு. வைக்கிங் கப்பல் என்றதும் நம் எல்லார் மனதிலும் வரும் அந்த வளைந்த முகப்பு, கோக்ஸ்டாட், ஓசெபர்க் என்ற இரண்டு புதைமேடுகளைத் தோண்டியபோது கிடைத்த கப்பல்களிலிருந்து வந்தது. கோக்ஸ்டாட்டைத் தோண்டியது 1880, ஓசெபர்க்கைத் தோண்டியது 1904. அதாவது அந்தப் பெரியவர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அந்த இரண்டு கப்பலும் மண்ணுக்குள் இருந்தன.

இதைச் சொல்லும்போது மாமனாரின் ஆசையைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்துக் கட்டிய ஒரு மரக்கலம் 1893இல் நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தது. 1925இல் நார்வேக் குடியேற்றத்தின் நூற்றாண்டை மினசோட்டா மாநிலக் கண்காட்சித் திடலில் கொண்டாடினார்கள். அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் வந்து பேசினார். அதற்காக வெளியிட்ட இரண்டு அஞ்சல்தலைகளில் ஒன்றில் 1825இல் முதல் குடியேறிகள் வந்த சிறு கப்பல், இன்னொன்றில் வைக்கிங் கப்பல். புது நாட்டில் ஏழை வெளியூர்க்காரன் என்று பார்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள், நாங்களும் இந்தக் கண்டத்துக்குப் பழையவர்கள்தான் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கப்பல் உதவியது. அந்தப் பெருமிதம் உண்மையானது. ஆனால் அது பேரப்பிள்ளைகளின் பெருமிதம். கல்லில் பெயர் வரப்போவது அவர்களுக்கு மூத்தவருக்கு.

கப்பல் வேண்டும் என்றே இருந்தால், அவர் உண்மையில் ஏறிய கப்பல் எது என்று தேடுங்கள். 1825 ஜூலையில் ஸ்டவாங்கரிலிருந்து 52 பேரோடு புறப்பட்ட ‘ரெஸ்டௌராஷியோன்’தான் முதல் குடியேறிகளின் கப்பல். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் 53 பேராக இறங்கினார்கள். அதன் நீளம் சுமார் 54 அடிதான். ஆனால் உங்கள் குடும்பத்தார் அதில் வந்தவர்கள் அல்ல. 1870களில் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் வட கடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கே நீராவிக் கப்பல் ஏறினார்கள். கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) காவல்துறை 1867 முதல் வெளியேறுவோர் பட்டியல் வைத்திருந்தது. அது நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிகிடலார்கிவெட்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அவர் பெயர் கிடைத்துவிட்டால், கப்பல் படத்தைவிட அந்தத் தேதி ஒன்று போதும்.

மினசோட்டாவில் ரூன் வெட்டுவதற்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாநிலத்திலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1898இல் கென்சிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஊலொஃப் ஓமன் என்ற ஸ்வீடன் குடியேறி தன் நிலத்தில் மரவேரோடு ஒரு கல்லைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். அதில் ரூன் எழுத்தில், 1362இல் எட்டு ஸ்வீடன்காரர்களும் 22 நார்வேக்காரர்களும் இங்கே வந்ததாக இருந்தது. ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள அந்தக் கல் இன்று அதே மாநிலத்து அலெக்சாண்டிரியா என்ற ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழியையும் எழுத்தையும் ஆராய்ந்த அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் அது 19ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்கிறார்கள். உண்மைதான் என்று நம்புகிறவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. யார் வெட்டியது, எதற்காக என்பது தீராத விவாதம். அந்த மாவட்டத்துப் பக்கமாக ஒரு வயலில் இன்னொரு ரூன் கல் எழுந்தால், நூறு வருடம் கழித்து வருகிறவர் அதை எதோடு சேர்த்துப் பார்ப்பார் என்று யோசியுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில ரூன் குறிகளை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். பிறந்த தேதிக்கு முன் ஒரு ரூன், இறந்த தேதிக்கு முன் அதையே தலைகீழாக என்று கல்லறையில் போடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. நார்வே வழக்கம் என்று நினைத்து இதைக் கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அந்தக் குறியையும், ‘ஓடல்’ என்று சொல்லும் சாய்சதுரக் குறியையும் எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள்.

பழைய ரூன் கற்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது எழுத்து அல்ல, அவை பேசும் விதம். பெரும்பாலான கற்கள் ‘இன்னார் இன்னாரின் நினைவாக இந்தக் கல்லை நட்டார்’ என்று தொடங்கும். கடவுளும் வீரமும் பிறகுதான். ஓஸ்லோவில் ‘டின்னா கல்’ என்று ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். குன்வோர் என்ற தாய் தன் மகள் ஆஸ்த்ரிட் நினைவாக ஒரு பாலம் கட்டினாள், ஹாதெலாண்ட் வட்டாரத்திலேயே கைவேலையில் அவளைப் போலக் கெட்டிக்காரி இல்லை என்று அது சொல்கிறது. இறந்த பெண் யார், எதில் கெட்டிக்காரி, யார் அவளை இழந்தார்கள், எல்லாம் இரண்டே வாக்கியத்தில். எனக்குத் தெரிந்து நினைவுக்கல் வாசகம் இதைவிட நன்றாக அமைந்ததில்லை. உங்கள் கல்லும் இப்படிப் பேசலாம்: யார் நட்டது, யாருக்காக, அவர்கள் எங்கிருந்து எங்கே வந்தார்கள், என்ன செய்தார்கள்.

இதில் ‘எங்கிருந்து’ என்பதுதான் கவனமாகச் செய்ய வேண்டியது. நார்வேயில் அன்று நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகனுக்கு ‘சென்’, மகளுக்கு ‘தாத்தர்’ சேரும். அதன் பின் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். பரம்பரைப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான். ஆகவே குடும்பத்தில் இன்று வழங்கும் பெயர், அவர் கிளம்பிய பண்ணையின் பெயராக இருக்கலாம், அதற்கு முன் வேலை பார்த்த பண்ணையின் பெயராகவும் இருக்கலாம். திருச்சபைப் பதிவேட்டைப் பார்க்காமல் உறுதி செய்ய முடியாது. பதிவேட்டில் பண்ணைப் பெயரின் முடிவில் ‘ஐயெ’ என்று சேர்ந்திருந்தால், அவர் அந்தப் பண்ணையின் உடைமைக்காரர் இல்லை என்று பொருள். அந்தப் பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்த குடிவாரக்காரர் அவர். நார்வேயில் பயிர் செய்யத் தகுந்த நிலம் மொத்தப் பரப்பில் சுமார் மூன்று சதவீதம்தான். 1801இல் ஒன்பது லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்த மக்கள் தொகை 1900இல் 22 லட்சமாகியிருந்தது. நிலமில்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு நூற்றாண்டில் சுமார் எட்டு லட்சம் பேர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கிளம்பினார்கள். மக்கள் தொகைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அயர்லாந்துக்கு அடுத்த இடம்.

பெரிய பண்ணையின் பெயரை மட்டும் கல்லில் போட்டுக் குடிசையை மறைத்துவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு துண்டு நிலம் கூடச் சொந்தமில்லாமல் வந்தவர், 1862இன் குடியிருப்புச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து அதைத் தன் பெயருக்கு வாங்கினார் என்றால், அதுதான் அந்தக் கல்லில் எழுத வேண்டிய செய்தி. அந்த நிலப் பட்டாவின் தேதியையும் எல்லையையும் அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. அயோவா மாநிலம் டெகோராவில் உள்ள வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகமும், விஸ்கான்சின் மாடிசனில் அதன் பெயரோடு பல காலம் சேர்ந்து வழங்கிய நார்வே அமெரிக்க வம்சாவளி மையமும் பதிவேட்டு வாசிப்புக்கு உதவுவார்கள். வால்ட்ரெஸ்காரர்களுக்கு 1899லிருந்தே ஒரு சங்கமும் உண்டு. இப்படி ஊர்வாரியாக அமெரிக்காவில் எழுந்த நார்வேச் சங்கங்களில் அதுதான் மூத்தது.

வாசகத்தில் வழக்கமாக நுழையும் பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன். 1873இல் கிளம்பியவர் ஓஸ்லோவிலிருந்து கிளம்பினார் என்று எழுதக் கூடாது. அப்போது அந்த ஊரின் பெயர் கிறிஸ்தியானியா. ஓஸ்லோ என்ற பெயர் திரும்ப வந்தது 1925இல். அவர் நியூயார்க்கின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் இறங்கினார், அங்கே அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். 1873இல் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டன் வழியாக வந்தார்கள். கனடாவின் கியூபெக்கில் இறங்கியவர்களும் ஏராளம். இன்னொன்று ‘இங்கே முதலில் குடியேறியவர்’ என்ற சொற்கள். இந்த வரியை வெட்டச் சொல்லும்போதெல்லாம் நான் நிறுத்திப் பேசுவேன். தெற்கு, மேற்கு மினசோட்டாவின் பெரும்பகுதி டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1851 ஒப்பந்தங்களில் அமெரிக்க அரசு அதை வாங்கியது. வாக்களித்த பணமும் உணவும் ஒழுங்காகப் போகாமல் 1862இல் போர் மூண்டது. இரு பக்கமும் பேரழிவு; நார்வேக் குடியேறிகள் பலரும் அதில் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பர் 26இல் மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் போட்டு டகோட்டா மக்களை மாநிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். உங்கள் பெரியவர் வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. அவர் யாரையும் விரட்டியவர் இல்லை என்றாலும், அந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது எப்படி என்பதை ‘முதலில்’ என்ற சொல் அழித்துவிடும். ‘1873இல் இங்கே வந்தார்கள்’ என்றால் போதும்; அது யாருக்கும் பொய்யாகாது.

மனைவியின் பெயரை முழுதாக எழுதுங்கள். நார்வேப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் தங்கள் தந்தை பெயரோடுதான் வழங்கினார்கள். அமெரிக்கா வந்த பிறகுதான் கணவன் பெயருக்குள் மறைந்தார்கள். பழைய கல்லறைகளில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. கடலில் இறந்த குழந்தை, முதல் குளிர்காலத்தில் இறந்த குழந்தை என்று பதிவேட்டில் இருந்தால் அந்தப் பெயர்களும் வர வேண்டும். அவர்களுக்கு வேறு எங்கும் கல் இருக்காது.

மொழி விஷயத்தில், ஊர்ப் பெயர், பண்ணைப் பெயர், ஒரு சிறு வாசகம் ஆகியவற்றை நார்வேய மொழியிலும் மற்றதை ஆங்கிலத்திலும் வைக்கலாம். பேரக் குழந்தைகள் நின்று வாசிக்க வேண்டும் அல்லவா. நார்வேய வரிக்கு இன்றைய இணைய மொழிபெயர்ப்பு உதவாது. அந்தக் காலத்து எழுத்திலக்கணம் டேனிஷ் மொழியை ஒட்டியது. தலையில் சிறு வளையம் வைத்த இன்றைய எழுத்து நார்வேயில் முறைப்படி வந்தது 1917இல். அதற்கு முன் அந்த இடத்தில் இரட்டை எழுத்து போடுவார்கள். திருச்சபைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கல். நார்வேயிலிருந்து கல் என்றால் எல்லோரும் சொல்வது லார்விகைட். தெற்கே லார்விக் பகுதியில் கிடைப்பது, மெருகேற்றினால் நீலமாக மின்னுவது, நார்வேயின் தேசியக் கல் என்ற பெயர் பெற்றது. ‘புளூ பெர்ல்’ என்ற வணிகப் பெயரில் அமெரிக்கக் கல் கிடங்குகளிலேயே கிடைக்கும். அழகான கல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மின்னல் மெருகில்தான் வரும். உடைத்த முகத்தில் சாம்பல் நிறமாக இருக்கும். அதில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் பெரியவை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் மணி மீது மெல்லிய கோடு விழுந்தால் ஓரம் பெயர்ந்துவிடும், சிறிய எழுத்து நிற்காது. அதைவிட, வால்ட்ரெஸ் மலைப் பள்ளத்தாக்கு, லார்விக் கடற்கரை. அந்தக் குடும்பம் அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்திருக்குமா என்பதே ஐயம்.

மினசோட்டாவிலேயே நல்ல கல் உண்டு. செயின்ட் கிளவுட் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கருங்கல் வெட்டுகிறார்கள். எல்லையைத் தாண்டினால் தெற்கு டகோட்டாவின் மில்பேங்க்கில் ‘டகோட்டா மகாகனி’ என்ற செம்பழுப்புக் கல். மார்ட்டன் ஊரில் இளஞ்சிவப்பும் கறுப்பும் அலையலையாக ஓடும் ‘நைஸ்’ என்ற வகைப் பாறை, வயது 350 கோடி ஆண்டு. மிக அழகு, ஆனால் அந்த அலைகளுக்கு மேல் எழுத்து தெரியாது. ஆழமான கறுப்பு வேண்டும் என்று கேட்டால் இங்கே கிடங்கில் காட்டுவது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த கல். நம் ஊர்க் கல் என்று எனக்குப் பிடிக்கும்தான். ஆனாலும் இந்த வேலைக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது வயல் பாறை. பனியுகத்தில் வடக்கிலிருந்து பனிப்பாறைகள் உருட்டி வந்து போட்ட கற்கள் அந்த மண் முழுதும் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி அவற்றை மேலே தள்ளும். ஒவ்வொரு வசந்தத்திலும் உழுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி வயல் ஓரத்தில் குவிக்க வேண்டும். குடியேறிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் பெரியவர், சிறுவர், பெண்கள் எல்லோரும் செய்த வேலை அது. உங்கள் பண்ணை ஓரத்திலும் நிச்சயம் ஒரு கற்குவியல் இருக்கும். அந்தப் பெரியவர் கை பட்ட கல்லே அதில் இருக்கலாம். வடிவமும் பொருந்துகிறது. நார்வேயில் நினைவுக்கு நடும் ‘பௌதஸ்டைன்’ என்பது செதுக்கிச் சதுரிக்காத நெடுங்கல். ஒரு முகத்தில் மட்டும் எழுத்து. அங்கே ஊருக்கு ஊர் போரில் இறந்தவர்களுக்கு நட்ட கற்களில் இன்றும் அந்த வடிவத்தைப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை: கல்லை மண்ணிலிருந்து தூக்கி, கட்டை மேல் வைத்து, கழுவிக் காய விடுங்கள். சுத்தியலால் பல இடங்களில் தட்டுங்கள். மணி போலக் கணீரென்றால் உள்ளே விரிசல் இல்லை. சத்தம் செத்து விழுந்தால் விட்டுவிடுங்கள். சிற்பம் படித்தபோது கல்லின் ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிக்கக் கற்றோம். காது ஒன்றுதான், கண்டம்தான் வேறு. ஈரம் காயும்போது ஒரு கோடு மட்டும் கடைசி வரை ஈரமாக நின்றால் அது விரிசல். சுண்ணாம்புக் கல்லும் அந்த வயல்களில் கலந்து கிடக்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அதைத் தவிருங்கள், மழையில் எழுத்து கரைந்துபோகும். அந்தப் பக்கத்துப் பழைய கல்லறைகளில் வெள்ளைப் பளிங்குக் கற்களைப் பார்த்தால், 1880இல் வெட்டிய பெயரை விரலால் தடவித்தான் வாசிக்க முடிகிறது. ஒன்றரை மீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் என்றால் எடை சுமார் 1.6 டன். ஆளால் ஆகாது, பண்ணை டிராக்டரின் முன் தூக்கிக்கும் அதன் எல்லை எவ்வளவு என்று பார்த்துத்தான் தூக்க வேண்டும்.

வால்ட்ரெஸிலிருந்து ஏதாவது வந்தால் நன்றாக இருக்கும் என்றால், அந்தப் பண்ணையின் இன்றைய சொந்தக்காரரிடம் கேட்டு உள்ளங்கை அளவு ஒரு கல்லை எடுத்து வந்து அடித்தளத்தில் பதியுங்கள். மண் துளியும் ஒட்டாமல் கழுவிவிடுங்கள்; வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது.

கையா, இயந்திரமா? இங்கே பட்டறைகளில் பெரும்பாலும் ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி, எழுத்து வடிவில் கத்தரித்து, அழுத்தக் காற்றில் துகளை வீசி அரிப்பார்கள். நேர்த்தியாக வரும், செலவு குறைவு. அதில் குற்றமில்லை, ஆழமாக அரிக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். லேசர் முறை வேண்டாம். மெருகேற்றிய கறுப்புக் கல்லில்தான் அது எடுபடும், வயல் பாறையில் ஒன்றும் தெரியாது. கையால் வெட்டும் எழுத்து ‘வி’ வடிவில் உள்ளே சரியும். இரண்டு சரிவிலும் வெளிச்சம் வேறு வேறாக விழுவதால், பெயிண்ட் இல்லாமலே வாசிக்க முடியும். உளியின் முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். சாதா எஃகு இந்தக் கல்லில் நொடியில் மழுங்கும். முதலில் எழுத்து வரும் இடத்தை மட்டும் பொளிந்து சமமாக்கி, மீதியை இயற்கையாக விட்டுவிடுவது என் வழக்கம். முதன்மைப் பெயருக்கு எழுத்தின் உயரம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

நார்வேய எழுத்துகளில் ஒரு தொல்லை உண்டு. ‘ஓ’ வட்டத்தின் குறுக்கே சாய்கோடு போட்ட எழுத்து ஒன்று. பிறப்பு, இறப்பு இரண்டுக்கும் உரிய நார்வேயச் சொற்களில் அது வரும். கோடும் வட்டமும் சந்திக்கும் மூலையில் கல் ஊசி போல நிற்கும். ஒரு அடி தவறினால் தெறித்துவிடும். வட்டத்தை முழுதாக முடித்துவிட்டு, சாய்கோட்டை வெளியிலிருந்து உள்நோக்கி, சிறு சிறு அடியாக வெட்ட வேண்டும். பட்டறையில் கொடுக்கும்போது அந்தக் கோட்டை விட்டுவிடாமல் இருக்கிறார்களா என்று ஸ்டென்சிலிலேயே பாருங்கள். கல் வெட்டத் தொடங்கும் முன் முழு வாசகத்தையும் உண்மையான அளவில் காகிதத்தில் வரைந்து, கல்லில் ஒட்டி, நாலைந்து மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் குடும்பத்தில் வயதான இருவராவது வாசித்துக் கையெழுத்துப் போடட்டும்.

நீங்களே அல்லது உங்கள் கணவரே சில எழுத்தாவது வெட்ட ஆசைப்பட்டால் வெட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வெர்மாண்டின் பாரெ ஊரில் கல் வெட்டிய ஒரு தலைமுறையே நுரையீரல் நோயில் போனது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி இன்று ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது என்கிறது. அது கண்ணுக்கே தெரியாத அளவு. துணி முகமூடி போதாது. முகத்தில் இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி, கண்ணாடி, திறந்த வெளி, நனைத்த கல், இவை எல்லாம் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

நடுவது கடைசி வேலை. பாதிக் கற்கள் கெடுவது இதில்தான். மினசோட்டாவின் கட்டட விதிப்படி உறைபனி ஆழம் தெற்கில் மூன்றரை அடி, வடக்கில் ஐந்து அடி. அதற்கு மேலே நிற்கும் கான்கிரீட்டை, வயல் கல்லைத் தள்ளுவது போலவே பனி தள்ளும். சில வருடத்தில் கல் சாயும். கான்கிரீட் போட்டால் அந்த ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். போடாவிட்டால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் அடியிலும் தண்ணீர் வடியும்படி ஜல்லி கொட்டி இறுக்க வேண்டும். எழுத்துக்கு மேல் மண் வராதபடி முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழி தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால் மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். எழுத்து முகம் வடக்குப் பார்க்கக் கூடாது. அந்த அட்சரேகையில் வடக்கு முகத்தில் வெயில் அரிதாகவே விழும், எழுத்து தட்டையாகத் தெரியும். தெற்கு அல்லது தென்கிழக்கு நல்லது. பண்ணையில் இல்லாமல் திருச்சபைக் கல்லறையில் நடுவதானால் அவர்களுக்கென்று அளவும் விதியும் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்ட பிறகே கல்லைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த கோடை என்றால் காலம் அதிகம் இல்லை. பதிவேட்டுத் தேடலை இப்போதே தொடங்கிவிடுங்கள். பெயரும் பண்ணையும் உறுதியாக இரண்டு மூன்று மாதம் ஆகும். மண் உறைவதற்கு முன் கற்குவியலிலிருந்து மூன்று நான்கு கற்களை வெளியே எடுத்து வைத்துவிட்டால், குளிர்காலத்தில் கொட்டகைக்குள் வெட்டலாம், மண் இளகியதும் நடலாம். கற்களின் நான்கு பக்கப் படமும், பக்கத்தில் அளவுக்கு ஒரு கோலும், தட்டும் ஓசையின் பதிவும் இங்கே போடுங்கள். எதில் எழுத்து நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.